சக நோயாளிகளுக்கான இணையச் சமூகம்: தொடங்க என்ன வேண்டும், பணம் எங்கிருந்து வரும், அந்தப் பணம் என்ன கேட்கும்

2019-இல் பேஷன்ட்ஸ்லைக்மீ என்ற அமெரிக்க நோயாளிச் சமூகத் தளம் அவசர அவசரமாக வாங்க ஆள் தேட வேண்டி வந்தது. தளம் பழுதாகவில்லை, உறுப்பினர்கள் விட்டு ஓடவும் இல்லை. 2017-இல் அதில் பெருந்தொகையைப் போட்டுப் பெரும்பங்கை வாங்கியிருந்த ஐகார்பன்எக்ஸ் ஒரு சீன நிறுவனம். அந்தப் பங்கை விற்றுவிட்டு வெளியேறச் சொல்லி அமெரிக்க அரசின் அன்னிய முதலீட்டுக் குழு நெருக்கியது. அந்த ஆண்டின் நடுவிலேயே தளம் யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் கைக்குப் போனது. அமெரிக்காவின் மிகப் பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அந்தக் குழுமத்துடையது. ஏ.எல்.எஸ். (தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நரம்பு நோய்), பார்க்கின்சன் நோயாளிகள் தங்கள் மருந்தின் அளவையும் அறிகுறிகளையும் வாரா வாரம் பதிந்துவந்த இடம், அவர்கள் கையெழுத்து எதுவும் தேவைப்படாமலே இரண்டு முறை உரிமையாளரை மாற்றிக்கொண்டது.

இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது இரண்டு கேள்விகள் எழும். நோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு இத்தனை பணம் எதற்கு? அப்படியே தேவையென்றாலும், பணம் போட்டவருக்கும் உறுப்பினர் எழுதியதற்கும் என்ன சம்பந்தம்? இரண்டாவது கேள்விக்கான விடையைத் தளம் திறக்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனர்கள் அதை மூன்றாம் ஆண்டில்தான் யோசிக்கிறார்கள்.

எந்த வகைத் தளம் இது

உடல்நலம் சார்ந்த இணையத் தொழில்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. தகவல் தளம். மருத்துவர்களோ பத்திரிகையாளர்களோ எழுதுவார்கள், மற்றவர்கள் படிப்பார்கள்.
2. ஆலோசனைத் தளம். பதிவுபெற்ற மருத்துவரோ மனநல ஆலோசகரோ கட்டணத்துக்குப் பேசுவார்.
3. சக நோயாளிச் சமூகம். ஒரே நோயோடு வாழ்பவர்களும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தாரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்கள்.

இக்கட்டுரை மூன்றாவதைப் பற்றியது. சட்டத்தின் பார்வையில் இது ஒரு விசித்திரமான இடத்தில் நிற்கிறது. நோயாளித் தகவலைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம் மருத்துவமனை, மருத்துவர், காப்பீட்டு நிறுவனம் போன்றோரைக் கட்டுப்படுத்தும். நோயாளி தானாகவே ஒரு சமூகத் தளத்தில் எழுதுவது பொதுவாக அதன் வரம்புக்குள் வராது. ஒரே சர்க்கரை அளவு மருத்துவமனைக் கோப்பில் இருந்தால் ஒரு சட்டம், சமூகத் தளத்தில் இருந்தால் வேறு சட்டம். ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் அப்படிப் பிரிப்பதில்லை. உடல்நலத் தரவு யாரிடம் இருந்தாலும் அது சிறப்பு வகை, அதைக் கையாள வெளிப்படையான ஒப்புதலோ சட்டம் சொல்லும் வேறொரு காரணமோ வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாக்கவில்லை. ஆனால் 18 வயதுக்குக் கீழானவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

உறுப்பினர்கள் பல நாடுகளிலிருந்து வருவார்கள் என்பதால், இவற்றில் எது மிகக் கடுமையானதோ அதை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வதே செலவு குறைந்த வழி. நாட்டுக்கு நாடு தனித்தனி ஒப்புதல் படிவம் வைத்துப் பராமரிக்கச் சிறிய குழுவால் முடியாது.

உண்மையான செலவு ஆள்தான்

மென்பொருள் இங்கே பெரிய செலவே இல்லை. டிஸ்கோர்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருளை ஒரு சாதாரண சர்வரில் நிறுவி முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். சொந்தமாகச் செயலி கட்டுவதில் தொடக்கப் பணத்தைக் கரைத்த நிறுவனங்கள் மாடரேட்டருக்கு (பதிவுகளைப் பார்த்து ஒழுங்குபடுத்துபவருக்கு) சம்பளம் கொடுக்க முடியாமல் மூடுகின்றன. வாட்ஸ்ஆப் குழு இலவசம்தானே என்று கேட்கலாம். அங்கே ஒவ்வொருவரின் தொலைபேசி எண்ணும் மற்ற எல்லோர் கண்ணிலும் படும். நேற்று வந்தவருக்குப் போன மாதம் நடந்த நல்ல உரையாடல் கிடைக்காது. நோயைப் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வைத்திருப்பவர் அந்தக் குழுவில் சேரவே மாட்டார்.

செலவு மாடரேட்டர்களிடம் இருக்கிறது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 40 மணி நேரம் பார்த்தால், ஒரே ஒரு நாற்காலியை இரவு பகலாக நிரப்ப 4.2 பேர் வேண்டும். விடுப்பு, காய்ச்சல், பயிற்சி நாட்களைச் சேர்த்தால் 5 பேருக்கு மேல். அதாவது எந்த நேரமும் ஒருவர் கண் விழித்திருக்கிறார் என்று சொல்வதற்கே ஐந்து சம்பளம். உறுப்பினர் 100 பேரானாலும் 10,000 பேரானாலும் இந்த அடிச்செலவு மாறாது. வருமானம் ஒரு காசு வரும் முன்பே இது தொடங்கிவிடும்.

இதைக் குறைக்க ஒரே நேர்மையான வழி, இரவும் பகலும் திறந்திருப்பதாகச் சொல்லாமல் இருப்பது. மாடரேட்டர் இல்லாத நேரத்தில் வரும் புதிய பதிவுகள் வரிசையில் காத்திருக்கும், காலை 7 மணிக்குப் பார்க்கப்படும் என்று எழுதும் பெட்டியின் மேலேயே போட்டுவிடலாம். உடனடி உதவி தேவைப்படுவோருக்கான உதவி எண்ணும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். நூற்றில் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் நிறைய எழுதுவார் என்று ஜேக்கப் நீல்சன் 2006-இல் சொன்னது இணையச் சமூகங்கள் எல்லாவற்றுக்குமான தோராய விதி. நான்கு உடல்நலச் சமூகங்களை எடுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்விலும் மேல்தட்டு 1% பேர்தான் ஏறக்குறைய முக்கால்வாசிப் பதிவுகளை எழுதியிருந்தார்கள். அப்படியானால் 100 உறுப்பினர்களோடு திறக்கும் தளத்தை உயிரோடு வைத்திருப்பவர் ஒருவரோ இருவரோதான். அவர்களில் ஒருவருக்கு நோய் முற்றினால் தளம் அந்த வாரமே அமைதியாகிவிடும். இந்த வகைத் தளங்களுக்கே உரிய ஆபத்து இது.

திறக்கும் வரிசை

1. ஒரு நோயை மட்டும் எடுங்கள், முடிந்தால் அதிலும் ஒரு கட்டத்தை. "புற்றுநோய்" என்று திறந்தால், நேற்று முடிவு கைக்கு வந்தவரும் ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை முடித்தவரும் ஒரே அறையில் இருப்பார்கள். ஒருவரின் கேள்வி மற்றவருக்கு உதவாது.
2. எட்டு அல்லது பத்து பழைய நோயாளிகளை முதலில் சேருங்கள். நோயோடு சில ஆண்டுகள் வாழ்ந்து நிதானத்துக்கு வந்தவர்களாக இருக்க வேண்டும். இவர்களுக்கு மதிப்பூதியம் கொடுப்பது நல்லது. இலவசமாகச் செய்யும் தன்னார்வலரிடம் "இன்று மாலை நீங்கள்தான் பார்க்க வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாது.
3. ஒரு பக்க விதி எழுதுங்கள். முக்கியமான வரி இது: "எனக்கு இப்படி நடந்தது" என்று எழுதலாம், "நீங்கள் மாத்திரையைப் பாதியாக்குங்கள்" என்று எழுதக் கூடாது.
4. நெருக்கடி நெறிமுறையைத் திறக்கும் முன்பே எழுதி, ஒத்திகையும் பாருங்கள்.
5. ஆறு முதல் எட்டு வாரம் அழைப்பின் பேரில் மட்டும் நடத்துங்கள். பிறகு பொதுவாகத் திறக்கலாம்.

அளக்க வேண்டியது உறுப்பினர் எண்ணிக்கையை அல்ல. முதல் பதிவு போட்டவர்களில் எத்தனை பேருக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் கிடைத்தது என்பதை அளக்க வேண்டும். பதிலே வராத முதல் பதிவு ஒன்று இருந்தாலும் அது உள்ளே ஏதோ ஒழுகுகிறது என்பதற்கு அடையாளம். அடுத்த அளவு, கேள்வி கேட்டு வந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதம் கழித்து வேறொருவருக்குப் பதில் எழுதினார்கள் என்பது. இந்த எண் உயர்ந்தால் சமூகம் தானாக வளர்கிறது என்று பொருள்.

விலகுவோர் விகிதத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். குழந்தை பிறந்தபின் வரும் மனச்சோர்வுக்கான குழுவிலிருந்து ஒருவர் எட்டு மாதத்தில் காணாமல் போனால், பெரும்பாலும் அவர் தேறிவிட்டார். நீரிழிவுக் குழுவிலிருந்து அப்படிப் போனால் தளம் அவருக்குப் பயன்படவில்லை. முதலீட்டாளரின் அட்டவணையில் இரண்டும் ஒரே கட்டத்தில்தான் விழும். நோய் வாரியாகப் பிரித்துக் காட்டாவிட்டால், குணமானவர்களைப் பிடித்து நிறுத்தும் வேலையைத் தளம் செய்ய ஆரம்பித்துவிடும்.

உள்ளே என்ன கெடும்

*தற்கொலை எண்ணம் தெரியும் பதிவு.* உடனே அழித்துவிடுவதுதான் பலர் முதலில் செய்வது, அதுதான் தவறும். எழுதியவருக்கு அது கதவை முகத்தில் சாத்தியது போல. பொதுப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டு, எழுதியவருக்கு மட்டும் தெரியும்படி வைத்து, பயிற்சி பெற்றவர் தனிச்செய்தியில் பதில் எழுத வேண்டும். தற்கொலை வழிமுறை பற்றிய விவரம் பொதுவில் ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது. யார் எத்தனை நிமிடத்தில் பார்ப்பார், முதல் வாக்கியம் என்ன, யாருக்குத் தொலைபேசி போகும், எங்கே பதிவாகும் என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். புனைபெயரில் இயங்கும் தளத்துக்கு உறுப்பினரின் முகவரி தெரியாது, எனவே "உதவி அனுப்புகிறோம்" என்று எழுதக் கூடாது. பதிவு செய்யும்போது நாட்டை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டால் சரியான உதவி எண்ணையாவது காட்ட முடியும். அந்தப் பதிவைக் கையாண்ட மாடரேட்டருக்கு அன்று மீதி வேலையிலிருந்து விடுப்பு. இதையும் சம்பளக் கணக்கில் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

*அற்புத மருந்து விற்பவர்.* இவர் பொதுவில் விளம்பரம் போட மாட்டார். "எனக்கும் இதே நோய்தான், தனியாகப் பேசலாமா" என்று புதிதாகக் கண்டறியப்பட்டவரின் தனிச்செய்தியில் நுழைவார். சேர்ந்து ஏழு நாள் ஆகி, ஐந்து பொதுப் பதிவாவது போட்ட பிறகே தனிச்செய்தி திறக்கும் என்று வைத்தால் பெரும்பகுதி நின்றுவிடும்.

*நோயே இல்லாதவர்.* கவனத்துக்காக நோயாளியாக நடிப்பவர்கள் உண்டு. மருத்துவ இலக்கியத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது: இணைய மஞ்சௌசன். சான்றிதழ் கேட்பது தீர்வல்ல, அது உண்மையான நோயாளிகளைத்தான் விரட்டும். உறுப்பினர்களிடம் பணம் கேட்பதைத் தடை செய்தால் சேதம் மனவேதனையோடு நின்றுவிடும்.

*தரவு அள்ளுபவர்.* 2010-இல் பேஷன்ட்ஸ்லைக்மீ தளத்தின் மனநிலைக் குறைபாட்டுக் குழுவில் உறுப்பினர் கணக்கு ஒன்று ஒவ்வொரு பதிவாக நகலெடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் பார்த்தால், சந்தை ஆய்வு நிறுவனமான நீல்சனின் வேலை அது. ஒரு கணக்கு மணிக்கு எத்தனை பக்கம் திறக்கலாம் என்ற வரம்பை முதல் நாளே வைக்க வேண்டும்.

*பூட்டிய திரையில் தெரியும் வரி.* சிறிய விஷயம்தான், ஆனால் உறுப்பினர் தளத்தை விட்டு ஓடுவது இதனால்தான். "உங்கள் எச்.ஐ.வி. பதிவுக்குப் புதிய பதில்" என்று அலுவலக மேசையில் கிடக்கும் தொலைபேசி வெளிச்சம் போட்டுக் காட்டும். அறிவிப்பிலும், மின்னஞ்சல் தலைப்பிலும், அனுப்புநர் பெயரிலும், கட்டண ரசீதிலும் நோயின் பெயர் வரவே கூடாது.

மாடரேட்டருக்குப் பதில் ஏ.ஐ. வைத்தால் என்ன என்ற கேள்வி முதலீட்டாளர் கூட்டத்தில் கட்டாயம் வரும். ஆபத்தான பதிவுகளை வரிசையின் மேலே கொண்டுவர அது நன்றாகவே உதவும். பதில் எழுத விடுவது வேறு கதை. அமெரிக்காவின் தேசிய உணவுக் கோளாறு சங்கம் 2023-இல் டெஸ்ஸா என்ற சாட்பாட்டை நிறுத்த வேண்டியதாயிற்று. உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கு அது எடை குறைக்கும் ஆலோசனை சொல்லியிருந்தது. அதே ஆண்டு கோகோ என்ற ஆதரவுத் தளம், சுமார் 4,000 பேருக்குப் போன பதில்களை ஜி.பி.டி-3 என்ற ஏ.ஐ. உதவியோடு எழுதியதாகச் சொன்னது. ஒப்புதல் எங்கே என்று பெரும் கண்டனம் எழுந்தது.

பணம் வரும் வழிகள்

*விளம்பரம்.* பார்க்க எளிது, இந்த வகைத் தளத்துக்கு மிகவும் மோசம். விளம்பர நிறுவனத்தின் டிராக்கிங் பிக்சல் (கண்ணுக்குத் தெரியாத கண்காணிப்புத் துணுக்கு) ஒரு பக்கத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தின் முகவரியும் பார்ப்பவரின் உலாவி அடையாளமும் சேர்ந்தே வெளியே போகும். முகவரியில் நோயின் பெயர் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. 2023-இல் அமெரிக்க வணிக ஆணையம் இப்படித் தரவு பகிர்ந்ததற்காக குட்ஆர்எக்ஸ் நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. பெட்டர்ஹெல்ப் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஹிப்பா பொருந்தாத இடத்தில் ஆணையம் வேறு விதிகளைக் கையில் எடுக்கும் என்பது இதில் தெளிவானது. உள்நுழைந்த பக்கங்களில் வெளியாரின் ஸ்கிரிப்ட் (நிரல் துண்டு) ஒன்றுகூட இல்லை என்பதை மாதம் ஒருமுறை சோதிப்பது நல்லது. சந்தைப்படுத்தும் குழு யாருக்கும் சொல்லாமல் ஒன்றைச் சேர்த்துவிடும்.

*உறுப்பினர் கட்டணம்.* நேர்மையான வழி, ஆனால் நோயால் வேலை இழந்தவரையே வாசலில் நிறுத்தும். படிப்பதும் எழுதுவதும் இலவசமாக இருந்து, நிபுணர் அமர்வு போன்றவற்றுக்கு மட்டும் கட்டணம் என்றால் ஓரளவு நடக்கும். செலவு முழுவதையும் இது தாங்கும் என்று கணக்குப் போடக் கூடாது.

*காப்பீட்டு நிறுவனமும் வேலை கொடுப்பவரும்.* ஊழியர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று மொத்தமாகத் தருவார்கள், வருமானம் நிலையானது. விற்க ஓராண்டுகூட ஆகலாம். மருத்துவச் செலவு குறைந்ததா என்று ஆதாரம் கேட்பார்கள். எந்த ஊழியர் எந்தக் குழுவில் என்பது எந்த வடிவத்திலும் அவர்களுக்குப் போகக் கூடாது. 12 பேர் உள்ள கிளை அலுவலகத்துக்கு "3 பேர் மனச்சோர்வுக் குழுவில்" என்று அறிக்கை போனால் பெயர் போனதற்குச் சமம்.

*மருந்து நிறுவனம்.* பெரிய தொகை இங்கேதான் இருக்கிறது. 2005-இல் தொடங்கிய இன்ஸ்பயர் முதல் பேஷன்ட்ஸ்லைக்மீ வரை முன்னோடிகள் இந்த வழியைத்தான் எடுத்தார்கள். விற்பது மூன்று: கருத்தாய்வு, மருந்துப் பரிசோதனைக்கு ஆள் சேர்த்தல், அடையாளம் நீக்கிய தரவு. மூன்றிலும் நிறுவனர்கள் கடைசியில் கண்டுபிடிக்கும் ஒரு கட்டாயம் ஒளிந்திருக்கிறது: பாதக விளைவு அறிக்கை.

ஒரு மருந்தின் பக்கவிளைவு பற்றித் தெரியவந்தால் அதன் உற்பத்தியாளர் அரசுக்குச் சொல்லியாக வேண்டும். அறிக்கை செல்லுபடியாக நான்கு கூறுகள் வேண்டும்: அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி, சொன்னவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நடந்த விளைவு. தீவிரமானதும் எதிர்பாராததுமான விளைவு என்றால் அமெரிக்காவில் 15 நாட்களுக்குள் போக வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் இன்னொன்றும் சொல்கிறது. நிறுவனம் தன் பொறுப்பில் வைத்திருக்கும் இணைய இடங்களை அது தொடர்ந்து கவனிக்க வேண்டும், மற்ற இடங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. இதனால்தான் மருந்து நிறுவனங்கள் உரையாடல் பகுதிக்குப் பணம் தரத் தயங்குகின்றன. பணம் தந்தால் அது அவர்கள் பொறுப்பாகி, "இந்த மாத்திரை போட்டதிலிருந்து தலை சுற்றுகிறது" என்ற ஒவ்வொரு வரியும் ஒரு கோப்பாகும் அபாயம் உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அந்தக் கடமை தளத்தின் ஊழியர்களுக்கும் வரும். பார்த்த 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதற்கான பயிற்சி, ஆள், பதிவேடு எல்லாவற்றையும் விலையில் சேர்க்காமல் ஒப்பந்தம் போட்டால் கைக்காசு போகும்.

தீர்வு, நிறுவனம் பணம் தரும் பகுதியை உரையாடலிலிருந்து முற்றிலும் பிரிப்பது. கருத்தாய்வு தனிப் பக்கத்தில், தனி ஒப்புதலோடு நடக்கட்டும். உரையாடலைப் பார்க்கவோ பதிவை நீக்கச் சொல்லவோ பணம் தருபவருக்கு உரிமை இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

"அடையாளம் நீக்கிய தரவு" என்பதையும் அப்படியே நம்பக் கூடாது. பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க அஞ்சல் எண் ஆகிய மூன்று போதும், அமெரிக்கர்களில் 87% பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று லத்தான்யா ஸ்வீனி 2000-இல் காட்டினார். அரிய நோய்க் குழுவில் 40 பேர் இருந்தால் வயதும் மாவட்டமும் போதும். 10 பேருக்குக் குறைவான எந்த எண்ணிக்கையையும் வெளியே விடாதிருப்பது குறைந்தபட்ச விதி. உறுப்பினர் எழுதிய வாக்கியத்தைப் பெயரை நீக்கி வெளியிட்டாலும், பொதுவில் உள்ள பதிவென்றால் தேடுபொறியில் போட்டு ஒரு நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடிக்கலாம். எழுத்தை விற்காமல் எண்களை மட்டும் விற்பதுதான் சரியான கோடு.

லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் இந்தத் தொல்லை இல்லை என்பதும் மாயை. நெருக்கடியில் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியாக உதவும் கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன் என்ற அமெரிக்க அமைப்பு, உரையாடல்களை அடையாளம் நீக்கித் தன் தொடர்புள்ள வணிக நிறுவனமான லோரிசுக்குத் தந்துவந்தது. 2022-இல் செய்தி வெளியான சில நாட்களிலேயே அதை நிறுத்தியது. ஒப்புதல் சட்டப்படி இருந்ததாக அமைப்பு வாதிட்டது. நெருக்கடியில் இருப்பவர் ஐம்பது பத்தி விதிமுறையைப் படித்து ஒப்புக்கொண்டார் என்ற வாதம் யார் காதிலும் ஏறவில்லை.

முதலீடு திரட்டும் வரிசை

முதலில் நிறுவனத்தின் சட்ட வடிவம். லாப நோக்கமற்ற வடிவத்தில் நல்கையும் நன்கொடையும் வரும், பங்கு விற்க முடியாது. வழக்கமான தனியார் நிறுவனத்தில் பங்கு விற்கலாம், பெரும்பாலான நல்கைகள் கிடைக்காது. இடைப்பட்ட வடிவங்களும் உண்டு. 2005 முதல் பிரிட்டனில் உள்ள சமூக நல நிறுவன வடிவில் சொத்தைப் பங்குதாரர் விருப்பப்படி பிரித்துக்கொள்ள முடியாதபடி பூட்டு இருக்கிறது. அமெரிக்காவின் டெலவேர் மாநிலம் 2013-இல் பொதுநல நிறுவன வடிவத்தைக் கொண்டுவந்தது. இந்த இரண்டாவது வகை முதலீட்டாளர்களுக்கு ஒத்துவரும், ஆனால் உறுப்பினர் தரவு விற்பனையை அது தானாகத் தடுக்காது.

அடுத்தது பணத்தின் வரிசை:

1. சொந்தப் பணமும் சிறு நல்கையும். ஒரு குழு, ஒரு மாடரேட்டர் அட்டவணை, 9 முதல் 12 மாதம்.
2. அறக்கட்டளை அல்லது ஆய்வு நல்கை. பங்கு போகாது. ஆனால் தொகை குறிப்பிட்ட வேலைக்கென்று கட்டப்பட்டிருக்கும், மாடரேட்டர் சம்பளத்தை "நிர்வாகச் செலவு" என்று வெட்டுவார்கள். விண்ணப்பத்திலேயே அதைச் "சேவை வழங்கும் செலவு" என்ற தலைப்பில் எழுத வேண்டும்.
3. தனிநபர் முதலீட்டாளர்கள், பெரும்பாலும் சேஃப் ஒப்பந்தத்தில். ஒய் காம்பினேட்டர் 2013-இல் கொண்டுவந்த இந்த ஒப்பந்தத்தில் பணம் இன்று வரும், பங்கு அடுத்த சுற்றில் பிறக்கும்.
4. வென்ச்சர் நிதி. வேகமாக வளரும் என்று நம்பும் நிறுவனங்களில் பங்குக்காகப் பெரிய தொகை போடும் முதலீட்டு நிதி இது.

மூன்றாவதில் நிறுவனர்கள் கணக்குத் தவறுவது வழக்கம். 2018-க்குப் பின் புழங்கும் சேஃபில் உச்ச மதிப்பு (பங்கைக் கணக்கிட நிறுவனத்துக்கு வைக்கும் அதிகபட்ச மதிப்பு) 50 லட்சம் என்று வைத்து 5 லட்சம் வாங்கினால் (நாணயம் எதுவானாலும்) 10% போனது. அதே உச்ச மதிப்பில் இன்னும் 7.5 லட்சம் வாங்கினால் மேலும் 15%. அடுத்த சுற்று அந்த மதிப்பிலோ அதற்கு மேலோ நடந்து, புதிய முதலீட்டாளர் 20% எடுத்து, ஊழியர்களுக்கென 10% ஒதுக்கச் சொன்னால், பழையவர்களுக்கு மிஞ்சுவது 70%. நிறுவனர்களிடம் இருந்த 75%-இல் 70%, அதாவது 52.5% கையில் நிற்கும். இன்னொரு சுற்று வந்தால் பெரும்பான்மை போய்விடும். உறுப்பினர்களுக்கு நிறுவனர் கொடுத்த வாக்குறுதி, அதன் பின் இயக்குநர் குழுவில் வாக்கெடுப்புக்கு உட்பட்டது.

நான்காவதில் சிக்கல் காலம். வென்ச்சர் நிதியின் ஆயுள் பெரும்பாலும் 10 ஆண்டு. அதற்குள் தளத்தை விற்கவோ பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகவோ வேண்டும். நோயாளிச் சமூகம் நம்பிக்கை பெறவே நான்கைந்து ஆண்டு எடுக்கும். வளர்ச்சி போதவில்லை என்ற நெருக்கடி வரும்போது கையில் விற்கத்தக்கதாக இருப்பது தரவு ஒன்றுதான். வென்ச்சர் பணம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். உறுப்பினர் அல்லாத ஒருவர் கட்டணம் கட்டும் வழி நிரூபணமாகும் முன் அதைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

கையிருப்பை மாத நிகரச் செலவால் வகுத்தால் வருவது ரன்வே. 18 லட்சம் கையில், மாதம் 1.5 லட்சம் செலவு என்றால் 12 மாதம். நிதி திரட்ட ஆறு மாதமாவது ஆகும், ஆகவே உண்மையில் யோசிக்க இருப்பது ஆறு மாதம். மாடரேட்டர் சம்பளத்துக்கென்று மூன்று மாதத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுத் தொடாமல் வைப்பது நல்லது. பணம் தீரும்போது முதலில் வெட்டப்படுவது அந்தச் சம்பளம்தான், விபத்து நடப்பதும் அப்போதுதான்.

நிறுவனம் மூடினால்

மரபணுச் சோதனை நிறுவனமான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டபோது, வாடிக்கையாளர் தரவு விற்பனைக்கு வரும் சொத்தாகவே பேசப்பட்டது. பல மாநில அதிகாரிகள் தரவை அழித்துக்கொள்ளும்படி மக்களுக்குச் சொன்னார்கள். கடைசியில் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கியின் லாப நோக்கமற்ற அமைப்பு அதை வாங்கியது. சமூகத் தளத்துக்கும் இதே நிலைதான் வரும். விதிமுறையில் எதுவும் எழுதாவிட்டால் பதிவுகளும் தனிச்செய்திகளும் ஏலப் பட்டியலில் ஒரு வரி.

முதல் முதலீடு வரும் முன்பே, அதாவது எதிர்க்க யாரும் இல்லாதபோதே, விதிமுறையிலும் பங்குதாரர் ஒப்பந்தத்திலும் எழுத வேண்டியவை:

1. உரிமையாளர் மாறினால் 60 நாள் முன்னறிவிப்பு. அந்தக் காலத்தில் ஒரே பொத்தானில் பதிவுகளைத் தரவிறக்கவும் கணக்கை அழிக்கவும் வழி.
2. தனிச்செய்திகள் எந்த விற்பனையிலும் கைமாறாது. முன்னறிவிப்புக் காலம் முடிந்ததும் அழிக்கப்படும்.
3. ஆய்வுக்குத் தந்த ஒப்புதல் புதிய உரிமையாளருக்குத் தானாகப் போகாது, அவர் மீண்டும் கேட்க வேண்டும்.
4. மூடும் காலத்தில் மாடரேட்டர் சம்பளமும் சர்வர் செலவும் 90 நாளுக்குத் தனியாக ஒதுக்கப்பட்டிருக்கும்.
5. இந்த நான்கையும் மாற்ற, இயக்குநர் குழுவோடு உறுப்பினர் பிரதிநிதி ஒருவரின் சம்மதமும் வேண்டும்.

திவால் நீதிமன்றம் இவற்றை அப்படியே ஏற்கும் என்ற உத்தரவாதம் எந்த நாட்டிலும் இல்லை. ஆனால் அமெரிக்கச் சட்டத்தில், நிறுவனத்தின் சொந்தத் தனியுரிமைக் கொள்கை தடுக்கும் தரவு விற்பனை என்றால், அதை ஆராய்ந்து நீதிமன்றத்துக்குச் சொல்ல தனி அலுவலர் ஒருவரை நியமிக்க இடம் இருக்கிறது. கொள்கையில் தடை எழுதப்பட்டிருந்தால்தான் அவர் கையில் பிடித்துக்கொள்ள ஒரு வரியாவது இருக்கும்.